சுண்டுவிரலை ஊன்றாமல் ஒரு கோடு

காகிதத்தில் நான் போடாத ஒரு கோடு இருந்தது. பென்சில் கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதே வளைவில், மங்கிய சிவப்பில். சிவப்புப் பென்சில் உரசியிருக்கும் என்று நினைத்து ரப்பரால் தேய்த்தேன். அழியாமல் ஈஷிக்கொண்டது.

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியர். வகுப்புக்காக ஒரு புளியங்கிளையை வீட்டில் வரைந்துகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த என் மனைவி செல்விதான் முதலில் கண்டாள்.

"இன்னாங்க, சுண்டுவெரல்ல ரத்தம் வருது. வலிக்கலியா?"

வலிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எங்கள் தொழிலில் சுண்டுவிரலைக் காகிதத்தில் ஊன்றி, அதன் மேல்தான் கையை ஓட்டுவோம். என் கோடு ஆடாது என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஊன்றி ஊன்றித் தோல் தேய்ந்து புண்ணாகியிருக்கிறது. விரல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பேரை யாரும் வீட்டில் சொல்லமாட்டார்கள். எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. மகள் பூங்கொடிக்குக் கையைப் பிடித்துத்தான் படம் போடச் சொல்லிக்கொடுத்தேன். இதே கையால்.

ஜீப்பில் மலையிறங்கி, கண்ணமங்கலத்தில் பஸ் மாறி, மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் கண்களை மூடச் சொன்னார். பேனா முனையால் தொடுவார், தொட்ட இடத்தை நான் காட்டவேண்டும்.

வெகுநேரம் காத்திருந்தேன். "இன்னும் தொடலிங்களா டாக்டர்?"

"நாலஞ்சு வாட்டி தொட்டுட்டேங்க."

கண்ணைத் திறந்தேன். சுண்டுவிரல் முழுக்க மைப்புள்ளிகள்.

முழங்கையின் பின்பக்கம் தடவி, நரம்பு கயிறுபோல் தடித்திருப்பதைக் காட்டினார். தொழுநோய் (தோலையும் நரம்பையும் பாதிக்கும் கிருமி நோய்). மாத்திரையில் குணமாகும் என்றார். "கை?" என்றேன். "வீக்கம் வத்தட்டும். உணர்ச்சி திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க." மனைவியையும் மகளையும் சோதித்தார், இருவருக்கும் ஒன்றுமில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் யாரும் யாரையும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

புத்திக்குப் புரிந்தது, பயத்துக்குப் புரியவில்லை. தனித் தட்டு வைத்துக்கொண்டேன். பூங்கொடி பக்கத்தில் வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவேன்.

"டாக்டரு சொன்னது எனக்கே கேட்டுச்சி, உங்களுக்குக் கேக்கலியா?" என்று செல்வி அந்தத் தட்டைப் பிடுங்கி மற்றத் தட்டுகளோடு போட்டாள்.

டாப்சோன் (கிருமியைக் கொல்லும் மாத்திரை) ஒரு பக்கம். ஸ்டீராய்டு (நரம்பு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) ஒரு பக்கம். முழங்கையை அசைக்காமலிருக்க மாவுக்கட்டு. ஸ்டீராய்டால் முகம் ஊதிப்போனது, யாரோ தெரியாதவர் வரைந்த என் படம் மாதிரி. கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரல் பாதி மடங்கியே இருந்தது. பென்சிலை எடுத்தால் கோடு புழுவாக நெளிந்தது. துண்டு துண்டாகப் போட்டு ஒட்டவைத்தேன். பிழைப்பு போயிற்று என்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் கைக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா கண்டிப்பானவர். "அந்த வெரல இனிமே ஊனவே கூடாது சார். திரும்பப் புண்ணாவும். தோள்லேர்ந்து போடுங்க."

கோடு விரலில் அல்லவா இருக்கிறது என்று வாதாடினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரில் பழைய செய்தித்தாளை ஒட்டி, நின்றபடி போடுங்கள். இரண்டு புள்ளிகள் வையுங்கள். காகிதத்தில் படாமல் கையை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். பிறகு பென்சில் முனையைப் பார்க்காமல், போய்ச்சேர வேண்டிய புள்ளியைப் பார்த்து ஒரே மூச்சில் இழுங்கள். தப்பினால் அழிக்காதீர்கள், பக்கத்தில் இன்னொன்று போடுங்கள்.

சொல்வது சுலபம். கோணலான ஒவ்வொரு கோடும் நோய் முற்றுவதாக எனக்குத் தோன்றியது. எது பழக்கக் குறை, எது நரம்பு என்று பிரித்தறிய முடியாமல் வியர்த்துப்போவேன். மலையில் சாமை அறுப்பு முடிந்த சமயத்தில்தான் ஒரு கோடு தோளிலிருந்து கிளம்பி ஆடாமல் போய்ச்சேர்ந்தது.

உணர்ச்சி திரும்பவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், காயம் பட்டால் கண்தான் சொல்லவேண்டும். சூடான டம்ளரைத் துணி சுற்றித்தான் எடுக்கிறேன். கோடு போடுமுன் சற்று நிற்கிறேன். முன்பெல்லாம் அப்படி நின்றதில்லை.

ஒருநாள் பூங்கொடி சிலேட்டோடு வந்து நின்றாள். "அப்பா, கோடு வர்ல. கையப் புடிச்சி போடு." பல மாதங்களாக ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"நீ வெரல ஊனுற," என்று உதறிவிட்டு, பலப்பத்தை என்னிடம் கொடுத்தாள். என் சுண்டுவிரலைச் சிலேட்டிலிருந்து தூக்கித் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். "ம், இப்ப போடு."

விரலில் எனக்கு எந்தத் தொடுதலும் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் அவள் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். போய்ச்சேர வேண்டிய புள்ளியைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். கோடு கோணலாகத்தான் போயிற்று.