மாடிமேல் மூன்றடி டிஷ்

சாட்டிலைட் வானத்தில் இருக்கிறது, டிஷ் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டிஷ்ஷை மல்லாக்கப் படுக்கவைத்து மாட்டிய ஆள் நான். நாலு பேருக்கு சாம்பார் கரைக்கலாம் போல அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ராத்திரி மழை. காலையில் மாடி ஏறிப் பார்த்தால் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு காக்கை நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் பறக்கவில்லை. இத்தனைக்கும் நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். அடுத்தவன் செய்கிற தப்பைக் கண்டுபிடிப்பதற்கு மாசாமாசம் சம்பளம்.

டிஷ் எனக்காக வாங்கியதில்லை, அண்ணனுக்காக.

எங்கள் நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு அண்ணனை நான் வேலை பார்த்த இடத்திலேயே பிரஸ் மெஷினில் சேர்த்துவிட்டேன். அந்த மெஷினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒரு பட்டனில் குச்சியைச் செருகி அழுத்தியபடியே நிறுத்திவிட்டால் ஒரு கை மிச்சமாகும், பீஸ் மளமளவென்று போகும், சூப்பர்வைசர் கத்தமாட்டார். லைனில் பலரும் செய்ததுதான். அதை அண்ணனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தவன் நான். ஐஸ் குச்சியை அளவாகச் சீவிக் கொடுத்ததும் நான்தான். அந்த வருஷம் நான் பார்த்த வேலைகளிலேயே கச்சிதமாகப் பொருந்தியது அந்தக் குச்சிதான்.

வலது கையில் நாலு விரல் போனது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்ததும் எனக்கு அழத் தெரியவில்லை. வாய் தன் பழக்கத்துக்குப் போனது. “நகம் வெட்ற வேல பாதி மிச்சம்ணா உனக்கு” என்றேன். அண்ணன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஏழு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே வீடு. ஒரே அடுப்பில் சோறு. சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் தட்டை நகர்த்துவான், அவ்வளவுதான். நானும் விடாமல் தினம் ஒரு ஜோக் சொன்னேன். கம்பெனி கேன்டீன் சாம்பார், சூப்பர்வைசரின் மீசை, பஸ்ஸில் தொங்கியவனின் வேட்டி. எல்லாம் சுவரில் பட்டு விழுந்தன.

அண்ணிதான் ஒருநாள் சொன்னாள். “எத்தினி நாளைக்கு செவுத்தயே பாத்துகினு குந்தினு இருப்பாரு? டிவியாச்சும் ஒழுங்கா வந்தா அத்த பாப்பாரு. கேபிளு எப்ப வருது, எப்ப போவுதுன்னே தெரியல.”

உண்மைதான். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குக் கேபிள் வந்திருந்தது. ஆனால் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று போனால் ஒயரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். கேபிள்காரர் முடிச்சுப் போடுவார், அடுத்த லாரி வரும். நடுவில் டிவி அணைந்தால் அண்ணன் அதை முறைக்கக்கூட மாட்டான். இதுவும் போச்சா என்பதுபோல் மறுபடி சுவருக்குத் திரும்பிவிடுவான். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நிற்காமல் ஓடுகிற டிவி வேண்டும். அப்படி ஓடினால் எப்போதாவது ஒருநாள் என்னிடமும் பேசுவான் என்று ஒரு கணக்கு.

படப்பைக் கடையில் டிஷ் இரண்டு அளவில் வைத்திருந்தார்கள்.

“ரெண்டடி போதும்பா” என்றார் கடைக்காரர்.

“மழை பேஞ்சா?”

“படம் கட்டம் கட்டமா ஒடையும். மழை நின்னா தானா வந்துரும்.”

“ஒடையவே கூடாதுங்க. ஒரு நிமிசம்கூட.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப மூணடி எடுத்துக்கோ. காத்து புடிக்கும், தளத்துல போல்ட்டு போட்டு நல்லா எறுக்கணும். வூட்டுக்குத் தென்கெழக்குல மரம் இன்னா கீது?”

“பக்கத்து வூட்டு முருங்க.”

“அது மறைக்காம தள்ளிப் போடு. தகரம் கனமா கீதான்னு தட்டிப் பாத்துக்கோ, லேசா இருந்தா நெளிஞ்சிரும். மாட்றதுக்கு ஆளு வியாழக்கெழம வருவான்.”

“ஆளு எதுக்குங்க? நான் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டு.”

அதற்கப்புறம்தான் மல்லாக்கப் போட்டதும் காக்கை குளித்ததும். திரும்பப் போய் விஷயத்தைச் சொன்னபோது கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னாபா, மழைநீர் சேகரிப்பா? அத்த நிமித்திப் போடு. பாக்கறதுக்கு எதுர் வூட்டு மாடிய பாக்கற மாரிதான் இருக்கும், ஆனா அது பாக்கறது மேலதான். அதனோட வளைவு அப்டி. மேல நீ மயிரிழ மயிரிழயா திருப்பு. கீழ ஒரு ஆளு டிவிய பாத்து கொரல் குடுக்கணும். ஒண்டியா நடக்காது.”

என் வார லீவில் மாடி ஏறினேன். டிவி இருந்த அறை நேர் கீழே, ஜன்னல் திறந்திருந்தது. அண்ணியை டிவி முன்னால் உட்காரவைத்திருந்தேன். அண்ணன் வழக்கம்போல் கட்டிலில். வானம் மூடிக்கொண்டு அழுக்குத் துணி மாதிரி கிடந்தது. நான் போல்ட்டோடு மல்லுக்கட்டிய நேரத்தில், ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று தெருவில் குரல் கேட்டு, அண்ணி கேனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

“அண்ணி, வருதா?”

கொஞ்சம் திருப்பினேன். “அண்ணி! வருதா?”

கீழிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. “வர்ல.”

அண்ணன்.

ஸ்பேனரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். எதுவும் நடக்காதது போல டிஷ்ஷை இன்னும் துளி நகர்த்தினேன்.

“இப்போ?”

“வர்ல.”

“இப்போ?”

“கோடு கோடா வருது.”

மூன்று வார்த்தை. அடுத்த திருப்பலில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் ஜன்னல் வழியாகத் தெளிவாக மேலே வந்தது. “வந்துச்சி” என்றான் அண்ணன்.

வேறு யாராக இருந்தாலும் நட்டை முடுக்கிவிட்டு இறங்கியிருப்பார்கள். நான் உள்ளங்கையால் டிஷ்ஷை லேசாக ஒரு தள்ளு தள்ளினேன். செய்திக் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

“இப்போ?”

“பூட்ச்சி.”

இப்படியே ஒரு மணி நேரத்துக்குமேல் போனது. கொண்டுவருவேன், தள்ளிவிடுவேன். ஒருமுறை முழுக்க முருங்கை மரத்தைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட்டு “வருதா?” என்று கேட்டேன். அதற்கும் பொறுமையாக “வர்ல” வந்தது. ஆசை மிஞ்சி, “சாட்டிலைட்டு டீ குடிக்கப் போயிருக்கும்போலண்ணா” என்றேன். கீழே சத்தமில்லை. உடனே “இப்போ?” என்றேன். “வர்ல.” வேலைக்குப் பதில் உண்டு, ஜோக்குக்குக் கிடையாது. ஏழு மாதமாக எனக்கு விளங்காதது அந்த மாடியில் கொஞ்சம் விளங்கியது.

தூறல் பிடித்தது. அண்ணி எந்த நேரமும் வந்துவிடுவாள், வந்தால் குரல் மாறிவிடும். டிஷ்ஷைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

“வந்துச்சி.”

இந்த முறை தள்ளவில்லை. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவனுக்குத் தெரியாது. அந்தத் தைரியம்தான். முருங்கை மரத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

“அண்ணா… அந்தக் குச்சி. நான் உனுக்கு சொல்லிக் குடுத்திருக்கக் கூடாது.”

கீழே அந்தப் பெண் ஏரிகளின் நீர்மட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். தூறலிலும் ஒரு எழுத்துகூட உடையவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் படிப்படியாகக் குறைந்து நின்றது. யாரோ ரிமோட்டை அழுத்துகிற மாதிரி. டிஷ்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

அப்புறம் ஜன்னலிலிருந்து வந்தது.

“கூடாதுதான். நட்ட டைட் பண்ணிட்டு எறங்கு.”