வலிக்குமா அக்கா?

குழந்தைகள் வார்டில் அவளைச் சின்ன டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் ஆளும் சின்னவள், குரலும் சின்னது. வகுப்பில் ரப்பர் கையில் ஊசி ஏற்றிப் பழகியபோது அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரப்பர் கை உதறாது, அம்மாவைக் கூப்பிடாது.

முதன்முறையாகத் தனியாக டிரிப்ஸ் ஊசி போடச் சொன்ன அன்று, கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் முன்பற்கள் விழுந்த ஒரு பையன். நர்ஸ்கள் அவனுக்கு ஓட்டைப்பல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஓயாத வாந்தியில் உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"வலிக்குமா அக்கா?"

"வலிக்கவே வலிக்காது கண்ணா. எறும்பு கடிக்கிற மாதிரிதான்."

"எறும்பு கடிச்சா வலிக்குமே?"

அவள் அவசரமாக அவன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். புறங்கையில் பச்சையாகத் தெரிந்த நரம்பு, ஊசி பட்டதும் நழுவிவிட்டது. ஊசியை எடுத்துவிட்டு இன்னொரு கையில் குத்தினாள். இந்த முறை ரத்தம் எட்டிப் பார்த்தது. ஊரைக் கூட்டும்படி கத்திய பையன், பிளாஸ்டர் ஒட்டி முடித்ததும் விசும்பலுக்கு நடுவே, "பொய் சொல்லிட்டீங்க" என்றான்.

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த கட்டிலில் ஒரு சிறுமிக்கு ரத்தம் எடுக்க வேண்டும். இவளிடமாவது உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"கொஞ்சம் வலிக்கும்டா. சட்டுனு சரியாயிடும்."

"அவனுக்கு மட்டும் வலிக்காதுன்னு சொன்னீங்க! எனக்கு ஏன் வலிக்கணும்?"

சொல்லி வாய் மூடுவதற்குள் சிறுமி கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள். அவளுடைய அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏம்மா, பச்சப்புள்ளகிட்ட போய் இப்படியா சொல்லுவாங்க? வலிக்காதுன்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"அது பொய்யாச்சேங்க..."

"பொய்யோ மெய்யோ, இப்ப நீங்களே அடியில போய் எடுத்துக்குங்க."

ஒருவழியாக எடுத்து முடித்தபோது அவளுடைய கோட்டு முழுக்கத் தூசி. பெரிய டாக்டரிடம் கேட்டாள். "சார், வலிக்குமான்னு குழந்தைங்க கேட்டா என்ன சார் சொல்றது?"

அவர் எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரத்தம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

"அப்புறம் என்ன?"

வீட்டுக்குப் போய், சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள். "சின்ன வயசுல ஊசின்னா நான் அழுவேனாப்பா?"

"நீயா? சிங்கக்குட்டி மாதிரி கையை நீட்டுவியே!" என்றார் அப்பா.

"சிங்கக்குட்டியா? டாக்டர் கையைக் கடிச்சு வச்சவ இவ" என்றாள் அம்மா.

"அது பெரியவ, இவ அக்கா."

"பெரியவ எங்க கடிச்சா? இவதான்."

இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அன்றைக்கு என்ன சொல்லிக் கையை நீட்டவைத்தார்கள் என்று கேட்டாள். அது இருவருக்குமே நினைவில்லை.

மறுநாள் காலை ஓட்டைப்பல்லின் கை வீங்கியிருந்தது. ஊசி நகர்ந்திருந்தது. வேறு போட வேண்டும். தன் முகத்தைப் பார்த்தாலே பையன் அலறுவான் என்று, கூடப் பயிலும் நெட்டையனை அனுப்பினாள். கைராசிக்காரன், குத்தியதே தெரியாமல் குத்துவான். பையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"அந்த அக்காதான் போடணும்."

"எந்த அக்கா?"

"பொய் சொன்ன அக்கா."

நெட்டையன் வந்து சொன்னபோது அவள் நம்பவில்லை. போய் நேராகவே கேட்டாள். "நான்தானேடா நேத்து ரெண்டு கையிலயும் குத்தினேன்?"

பையன் தோளைக் குலுக்கினான். அவனுடைய அம்மாவும் கையை விரித்தாள். "எனக்கும் புரியலம்மா. நேத்தெல்லாம் உங்களைத் திட்டிக்கிட்டேதான் இருந்தான்."

ரப்பர் பட்டையைக் கட்டியதுமே அதே கேள்வி வந்தது. "வலிக்குமா?"

வலிக்காது என்று சொல்லியும் பட்டாயிற்று, வலிக்கும் என்று சொல்லியும் பட்டாயிற்று.

"எனக்குத் தெரியலப்பா. கத்தணும்னா கத்திக்க. கையை மட்டும் ஆட்டாத."

பையன் கொஞ்சம் யோசித்தான். "சரி, போடுங்க."

அவள் கண்ணை நம்பாமல் விரல் நுனியால் தடவித் தடவி நரம்பைப் பிடித்தாள். ஒரே குத்தில் ரத்தம் வந்தது. பையன் மூச்சுக்கூட விடவில்லை. பிளாஸ்டரெல்லாம் ஒட்டியான பிறகு ஓவென்று அழுதான்.

"முடிஞ்சுபோச்சேடா, இப்ப ஏன் அழற?"

"அப்ப அழ மறந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தலையும் சுற்றியது. ஆனாலும் வழி கிடைத்துவிட்டது என்ற தெம்பில் அடுத்த கட்டிலுக்கு ரத்தம் எடுக்கப் போய் அதையே சொன்னாள்.

"டாக்டருக்கே தெரியலையா?" என்று கேட்டுவிட்டு, சிறுமி மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போனாள்.

உடம்பு தேறி வீட்டுக்குக் கிளம்பிய ஓட்டைப்பல், நர்ஸ்கள் எல்லோருக்கும் டாட்டா காட்டினான். நெட்டையனுக்கும் காட்டினான். அவளைத் தாண்டும்போது மட்டும் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கோபமா, வெட்கமா? பாதி தூக்கிய கையோடு அவள் நின்றாள்.

பயிற்சி முடிந்து மேலே எதைப் படிக்கப்போகிறாய் என்று வீட்டில் கேட்டபோது, குழந்தை மருத்துவம் என்றாள்.

"அங்கதான் ஒண்ணுமே புரியலன்னு தினமும் புலம்புவியேம்மா?" என்றார் அப்பா.

"ஆமாம்பா" என்றாள். விண்ணப்பத்திலும் குழந்தை மருத்துவம் என்றே எழுதினாள்.