காற்றுப் புகாத டப்பா

மூன்றாம் தடவையும் நுண்ணோக்கியில் ஒரே சிவப்பு. உயிருள்ள கலம், அதாவது செல், பச்சையாகவும் செத்தது சிவப்பாகவும் தெரியும்படி சாயமிட்டுத்தான் பார்ப்போம். ஆறாத புண்ணின் மேல் போடவென்று, பொலிமரைக் கரைத்து இழையாக்கி, மெல்லிய துணி ஒன்று செய்துகொண்டிருந்தேன். அதில் சேர்த்த மருந்து பற்றீரியாவைக் கொன்றது. கூடவே தோற்கலங்களும் ஒன்று விடாமல் செத்தன. கொல்வதற்கென்ன, நஞ்சும்தான் கொல்லும்! நாலாம் தடவையும் இப்படியென்றால் ஆய்வை மூடிவிடச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு. நாலு வருட உழைப்பு. வெள்ளவத்தை வீட்டில் அம்மா என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

எங்கள் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உதவியாளரை எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்போம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார்; இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே எல்லோரையும் நக்கலடிப்பார். ஒருநாள் துணி வைத்திருந்த டப்பாவைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார்.

“என்ன மிஸ், சொல்வன்ட் மணம் இன்னும் ஈக்குதே! எப்ப மூடின?”

“செய்த கையோடயே மூடிப்போட்டன் நானா. கடல் காத்துப் பட்டால் ஈரம் இழுத்துப்போடுமே.”

“பப்படமா மிஸ் இது, டின்ல போட்டு அடைக்க?”

எனக்குப் பொறிதட்டியது. கடலோரத்தில் வளர்ந்தவளின் கைப்பழக்கம் அது. எதையும் உடனே இறுக மூடிவிடுவேன். பொலிமரைக் கரைத்த திரவம் ஆவியாகிப் போக வழியில்லாமல் இழைக்குள்ளேயே தங்கியிருந்தது. மருந்தே சேர்க்காத துணியை வைத்துப் பார்த்தேன். அதிலும் கலங்கள் செத்திருந்தன. முதலிலேயே செய்திருக்கவேண்டிய சோதனை. மருந்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டியது என் மடைத்தனம். வெட்கமாயிருந்தது.

புதிதாக இழைத்த துணியை வெற்றிட அடுப்பில் நாட்கணக்கில் உலர்த்தினோம். நாலாம் தடவையும் பற்றீரியா செத்துப்போயிற்று. கலங்களைப் பார்க்கக் குனிந்தேன். எங்கும் பச்சை! இழையைப் பற்றிக்கொண்டு கைகால் நீட்டிக் கிடந்தன. அப்பாடா என்று நெஞ்சு இளகி, அழுதேவிட்டேன்.

நானா பதறிப்போனார். “விடுங்க மிஸ். இன்னொருக்கா செய்வோம்.”

“தேவையில்லை நானா. உயிரோட இருக்குதுகள்!”

இன்று அந்தத் துணியை விலங்குகளின் புண்ணில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டோம். நானா ஓய்வுபெற்று ஹெந்தளையில் இருக்கிறார். பச்சை தெரிந்த அன்று அவரை என் கதிரையில் இருத்தி நுண்ணோக்கியில் பார்க்கவைத்தேன். இத்தனை வருடம் எங்களுக்காகக் கண்ணாடித் தகடு கழுவியவர், ஒருநாளும் உள்ளே பார்த்ததில்லையாம். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சத்தம் போடாதீங்க மிஸ், பயந்துடும்,” என்றார்.