சிவப்பு மையில் அடித்த ஈரப்பதக் கட்டம்

என் தங்கை ஐரின் ஐந்து வருடம் முடியோடு மல்லுக்கட்டினாள். திண்டுக்கல்லில் மைதீன் பிச்சை அண்ணன் சலூனில் கறுப்பு முடியாகப் பார்த்து உறையில் வாங்கி வருவாள். "பி.எச்.டி. படிக்கிற புள்ள முடி பொறுக்குது" என்று தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை.

முடிக்குக் கறுப்பு தருவது மெலனின். அதைப் பிரித்தெடுத்து, வில்லையாக அழுத்தி, எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்று அளப்பாள். செம்புக் கம்பியில் அணுக்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். எலக்ட்ரான் எளிதாக ஓடும். மெலனினில் மூலக்கூறுகள் தாறுமாறாகக் குவிந்து கிடக்கும். எலக்ட்ரான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித்தான் போகவேண்டும். பத்தாவதோடு நின்ற எனக்கே புரியும்படி சொன்னாள்.

ஆனால் ஆடிக் காற்றில் ஓர் அளவு காட்டிய வில்லை, ஐப்பசி மழையில் நூறு மடங்கு காட்டியது. "உனக்கு அளக்கத் தெரியல" என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஞானராஜ்.

நான் வேடசந்தூர் நூல் மில்லில் வேலை செய்கிறேன். ஒருநாள் கேட்டாள்: "அக்கா, மில்லுக்குள்ள எதுக்குத் தண்ணியப் புகையாட்டம் அடிக்கிறாங்க?"

"காத்து காஞ்சா பஞ்சுல கரண்டு தேங்கி நூலு ஒட்டிக்கிரும்டி. ஈரம் இருந்தா வடிஞ்சுரும்."

சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டாள். மறுநாளிலிருந்து ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் காற்றின் ஈரப்பதத்தையும் குறித்தாள். மூன்று வருடம், ஒருநாள் விடாமல்.

ஆய்வேட்டின் வரைவில் அந்த ஈரப்பதக் கட்டம் முழுவதையும் ஞானராஜ் சிவப்பு மையில் அடித்தார். "இது லேப். உங்கக்கா மில்லு இல்ல." மெலனினில் மின்சாரம் கடக்க எலக்ட்ரான் மட்டும்தான் காரணம், ஈரத்துக்கு அதில் பங்கே இல்லை என்று அவர் முன்பே கட்டுரை எழுதியிருந்தாராம். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர், அவள் என்ன செய்வாள்?

வாய்மொழித் தேர்வன்று வந்தவர்களுக்கெல்லாம் மாணவி வீட்டார்தான் பலகாரம் தரவேண்டும். லட்டு, மிக்சர் பொட்டலங்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அறிவுச்செல்வி அம்மா முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார்.

"அளக்கும்போது ஈரப்பதம் எவ்வளவு? அது இல்லாம இந்த அட்டவணைய வச்சு நான் பட்டம் தர முடியாதும்மா."

ஐந்து வருடமும் போயிற்று என்றே நினைத்தேன். ஐரின் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து நீட்டினாள். தேர்வாளர் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஈரம் ஏற ஏற மின்சாரமும் ஏறியிருந்தது.

"இம்புட்டையும் ஏன் ஆய்வேட்டுல போடல?"

ஞானராஜ் முந்திக்கொண்டு எழுந்தார். "நான்தான் குறிக்கச் சொன்னேன் மேடம். பொண்ணு சேர்க்க மறந்துருச்சு."

எவ்வளவு துணிச்சல்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐரின் பதறவில்லை. குறிப்பேட்டின் கடைசியில் வைத்திருந்த வரைவுத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"மறக்கல மேடம். இந்தச் சிவப்பு மை சாரோடது."

அந்தக் கட்டத்தைச் சேர்த்துத் திருத்திக் கொடுத்தால் பட்டம் என்று அம்மா எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞானராஜ் கூசாமல் வந்து பலகாரத்துக்குக் கையை நீட்டினார். "எப்படித் தயார் பண்ணிருக்கேன் பாத்தீங்களா, உங்க தங்கச்சிய?"

ஒரே ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது.

"இது முடி குடுத்தவருக்கு சார்" என்று பையில் போட்டுக்கொண்டேன்.