பிளீச்சில் போன ரத்தம்

செல்களுக்கு நிறமேற்றும்போது பயோட்டின் சேர்த்த ஆன்டிபாடிதான் முதலில் போய் ஒட்ட வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஒளிரும் சாயம் பிறகுதான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் கவிதா, கிள்ளானிலிருந்து ஓர் அம்மா வந்து கொடுத்த ரத்தத்தில் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டாள். முதலில் போட்ட சாயம் ஒட்ட இடமில்லாமல் கழுவும்போதே போய்விட்டது. கருவியின் திரையில் ஒரு செல்கூட ஒளிரவில்லை.

"உனக்கு எப்படித்தான் சொல்லிப் புரிய வைக்கிறது?" என்று கத்திக்கொண்டே எல்லாவற்றையும் பிளீச்சில் கொட்டினேன்.

"ஐயோ அண்ணே! ஆன்டிபாடி செல்லுலதானே இருக்கு? சாயத்த மட்டும் மறுபடி போட்டா போதும்லா!"

அவள் சொன்னது சரிதான். கோபத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுவாரம் அந்த அம்மா மறுபடியும் கொமுட்டர் ரயில் ஏறி வந்து கையை நீட்டினார்.

"போன தடவ எடுத்த ரத்தம் என்னாச்சு தம்பி?"

கவிதா என்னைப் பார்த்தாள்.

"கெட்டுப்போச்சும்மா" என்றேன், ஏதோ அது தானாகவே கெட்டுப்போனதுபோல.