வாழைக்குப் போன சோறு

எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் எங்கள் வீட்டு வாழைகளைப் போல வேறு எவரும் நன்றாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். மற்ற வீட்டு வாழைகளுக்கு வெங்காயத் தோலும் மீன் செதிலும் கிடைத்தன. எங்களுடையவற்றுக்கு அவற்றோடு தினமும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு, இரண்டு கறி, ஒரு துண்டு பொரித்த மீன்.

அது அண்ணனின் பங்கு. ஒருநாள் காலை சைக்கிளில் யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வழியில் அல்லைப்பிட்டியில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்கப்பால் கண்டவர் இல்லை. அப்போது எனக்கு நான்கு வயது. அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு மத்தியானமும் அவருடைய கோப்பையில் சோறு போட்டு, இன்னொரு கோப்பையால் மூடிக் குசினி மேசையில் வைப்பார். பின்னேரம் வரை அது அங்கேயே இருக்கும். வளர்ந்த பிறகு அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலையாயிற்று.

கொட்டுவதற்குச் சட்டம் இருந்தது. நாய்க்குப் போடக்கூடாது. காகத்துக்குப் போடவே கூடாது. வாழைகளுக்கு நடுவே அப்பா வெட்டிய கிடங்கில் கொட்டி, மண் தள்ளி மூடவேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "வாழைக்கு நல்ல பசளை" என்றார் அப்பா. ஒரு கிடங்கு நிரம்பினால் பேசாமல் அடுத்ததை வெட்டுவார். சோறு புளித்து நாறும். மாரியில் தண்ணீர் நின்று பருக்கைகள் மிதக்கும். எங்கள் நாய் மண்ணைக் கிண்டிவிட்டு அம்மாவிடம் அடி வாங்கும். இந்த விஷயத்தில் நாய்க்கும் எனக்கும் ஒரே கருத்துதான்.

பக்கத்து வளவு மாமி வேறு மாதிரி. அமாவாசைக்கு அமாவாசை இலைத்துண்டில் சோறு வைத்து, கிணற்றடியில் நின்று "கா, கா" என்று கூப்பிடுவார். காகம் வந்து கொத்திய பிறகுதான் அவர் சாப்பிடுவார். ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆருக்கு என்று கேட்டேன்.

"மாமாவுக்கு, பிள்ளை. காகம் திண்டா அவருக்குப் போய்ச் சேரும்."

"மாமா எங்கை?"

"தூரத்திலை."

செத்துப்போனவர்களையும் பெரியவர்கள் தூரத்தில் என்று சொல்லுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் தீவில் பாதிப்பேர் தூரத்தில்தான் இருந்தார்கள், கனடாவில், சுவிஸில், லண்டனில். மாமாவும் அப்படி ஓர் இடத்தில் சோறில்லாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அண்ணனும் எங்கேயோ தூரத்தில் இருக்கிறார் என்றுதான் அம்மா சொல்லுவார். அப்படியென்றால் ஐந்து வருடமாக நாங்கள் செய்தது எவ்வளவு விசர் வேலை! அவர் பசியோடு இருக்க, அவருடைய சோற்றை வாழைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மாரிகாலத்தில் ஒருநாள் அம்மா விடியவே சமைத்து, கோப்பையை மூடி வைத்துவிட்டு, அண்ணனின் படத்தோடு யாழ்ப்பாணத்தில் காணாமல்போனவர்களை விசாரிக்கிற ஏதோ ஒரு கந்தோருக்குப் போயிருந்தார். பின்னேரம் நான் கிடங்குப் பக்கமே போகவில்லை. வாழையிலையில் ஒரு துண்டு வெட்டி, சோற்றை அதில் கவிழ்த்து, கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு மாமியைப் போலவே கூப்பிட்டேன். ஒரு காகம் வந்தது. பிறகு ஏழெட்டு வந்தன. இவ்வளவு கெதியாக மாமிக்குக்கூட வந்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படலை திறந்தது. மழையில் நனைந்த சேலையோடு அம்மா நின்றார்.

"என்னடி செய்யிறாய்?"

"அண்ணாக்கு அம்மா. காகம் திண்டா போய்ச் சேருமாம்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. படம் இருந்த பையைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடிவந்து, செருப்பைக் கழற்றிக் காகங்களுக்கு எறிந்தார். அவை சோற்றைக் கவ்விக்கொண்டு வேலியில் போய் இருந்தன. அம்மா குந்தியிருந்து, சிதறிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டார்.

"அவன் இருக்கிறானடி. இருக்கிற பிள்ளைக்கு ஆரடி காகத்துக்கு வைக்கிறது?"

 எனக்குப் பயம் மட்டும்தான் வந்தது. உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். இலையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கத்தில் குந்தி, பருக்கை பொறுக்கிய கையைப் பிடித்தார்.

"விடும். திண்டிட்டுப் போகட்டும்."

அம்மா நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தார். ஐந்து வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் கிடங்கு வெட்டிக் கொடுத்த மனிதர் அவர். அம்மாவின் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். முந்தானை கையிலிருந்து நழுவ, பொறுக்கிய சோறெல்லாம் திரும்பவும் நிலத்தில் கொட்டுப்பட்டது. அம்மா அதைத் தொடவில்லை. காகங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

அடுத்த நாள் அம்மா வழக்கம்போல அரிசியை அளந்தார். பிறகு ஒரு பிடியை அள்ளித் திரும்பச் சாக்குக்குள் போட்டார். மத்தியானம் மேசையில் மூடிய கோப்பை இல்லை. பின்னேரம் நான் கிடங்குக்குக் கொண்டுபோனது மீன் செதிலும் பூசணித் தோலும் மட்டுமே.

சோறு போய்ச் சேர்ந்துவிட்டது, அண்ணனுக்கு வயிறு நிரம்பிவிட்டது, இனி எடுத்து வைக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு செய்த என்னை வீட்டில் ஒருவரும் மெச்சவில்லையே என்பதுதான் அன்று என் கவலை.