கரண்ட் இல்லாத நாளில் மகள் போட்ட சத்தம்

என் மாமியாரை நான் ஒரே ஒருமுறைதான் ஜெயித்திருக்கிறேன். அன்று என் மகளுக்கு ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.

அந்த நாட்களில் நான் அவளுடைய மூச்சைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை செய்ததாக நினைவில்லை. பால் குடித்து அவள் தூங்கினால் நீயும் தூங்கு என்று அம்மா சொல்வாள். நான் படுத்தபடியே அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறவில்லை என்று தோன்றினால் மூக்கடியில் விரலை வைப்பேன். காற்றுப் பட்டதும் எடுப்பேன். எடுத்த பிறகு, பட்டது அவள் மூச்சா, மின்விசிறிக் காற்றா என்று சந்தேகம் வரும். மறுபடி வைப்பேன். பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். ஒரு வகுப்பையே அதட்டி உட்கார வைத்தவளுக்கு இந்தச் சின்ன மூக்கை நம்பத் தெரியவில்லை.

தலைப்பிரசவத்துக்கு அருப்புக்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்களுக்குச் சொந்தத் தறி கிடையாது. ஆனால் நானும் குழந்தையும் படுத்திருந்த அறைச் சுவரை ஒட்டியே பக்கத்து வீட்டுத் தறிக்கொட்டகை. அப்பா அங்கேதான் தறி ஓட்டுகிறார். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். நான் பிறந்து வளர்ந்தது அந்தச் சத்தத்தில் என்பதால் எனக்கு அது சத்தமாகவே தெரியாது. என் மகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அதில் தூங்கப் பழகிவிட்டாள்.

முப்பதாம் நாள் சாமி கும்பிடுவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை பராமரிப்பு வேலைக்காகக் காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம்தான் வரும் என்றார்கள். தெருவில் எல்லாத் தறிகளும் நின்றன. அவை நின்ற கொஞ்ச நேரத்திலேயே திருச்சுழிப் பக்கத்து ஊரிலிருந்து என் மாமியார் பேத்தியைப் பார்க்கப் பஸ் ஏறி வந்து இறங்கினார்.

"வாங்க மதினி! பஸ்ஸுல எடம் கெடச்சுச்சா?" அம்மா வாசலிலேயே கூவினாள்.

"ஏன் மதினி கத்துறீக? பக்கத்துலதான நிக்கிறேன். காது நல்லாத்தான் கேக்குது எனக்கு."

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் தெருக்காரர்களின் குரலே அப்படித்தான். தறி ஓடும்போது பேசிப் பழகியதால், தறி நின்றாலும் குரல் இறங்காது.

மாமியார் கைகால் கழுவிவிட்டுக் குழந்தையின் அருகில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அது ஆரம்பித்தது.

முதலில் ஒரு முக்கல், மூட்டை தூக்குகிறவர் மூச்சைப் பிடிப்பதுபோல. முகம் செக்கச் சிவந்தது, கால்கள் வயிற்றோடு மடங்கின. பிறகு எண்ணெய் போடாத கீலில் கதவு திறப்பதுபோல ஒரு கிரீச். அப்புறம் தொண்டையில் கர்கர். கடைசியாக, பஸ் நின்றதும் பிரேக்கிலிருந்து காற்று இறங்குமே, அப்படி ஒரு புஸ். அதோடு ஓய்ந்தாள். ஓய்ந்தவள் சில நொடி மூச்சே விடாததுபோல இருந்துவிட்டு, நாய்க்குட்டி மாதிரி வேகவேகமாக மூச்சு வாங்கினாள். மறுபடி முக்கல்.

இந்தச் சத்தங்களில் ஒன்றைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை. காலையில் நன்றாக இருந்த பிள்ளைக்கு இப்போது என்ன வந்தது?

"சளிதான். மூக்குல ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டா எளகிரும்" என்றாள் அம்மா.

மாமியார் தலையை ஆட்டினார். "சளி இல்ல மதினி, உரம் விழுந்துருக்கு. என்னா முக்கு முக்குது பாருங்க. எங்க ஊருல ஒரு அக்கா உரம் எடுப்பாக. அவுக கை பட்டா ஒரே நாளுல சரியாப் போயிரும்."

உரம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். தூக்கும்போது பிள்ளைக்கு எங்கேயோ சுளுக்கிக்கொண்டது என்று சொல்லி, சேலையில் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். கழுத்தே நிற்காத என் மகள் அந்தச் சேலைக்குள் உருள்வதை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றியது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று பிள்ளை வளர்த்தவரிடம், ஒரு மாதத்துத் தாய் என்ன சொல்லிவிட முடியும்? அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்?

செல்போனில் தேடினேன். கவலைப்பட ஒன்றுமில்லை என்றது ஒரு பக்கம். உடனே மருத்துவரைப் பாருங்கள் என்றது இன்னொரு பக்கம். மூன்றாவதைத் திறப்பதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் அதோடு என் படிப்பும் முடிந்தது.

"டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துர்றேன் அத்தை."

"முப்பது கும்பிடாத பச்சப்புள்ளைய வாசல் தாண்டித் தூக்கிட்டுப் போறதா? நல்லாருக்கே படிச்ச புள்ள பண்ற வேல!"

துண்டை எடுத்துக் குழந்தையைச் சுற்றினேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பற்றிய பயம் அவர்மேல் இருந்த பயத்தையும் மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். அம்மா ஆட்டோ பிடித்து வந்தாள்.

குழந்தை டாக்டரின் மேஜையில் என் மகள் சாமி சிலை மாதிரி கிடந்தாள். ஒரு முக்கல் இல்லை. ஒரு கிரீச் இல்லை. டாக்டரம்மா உடுப்பை விலக்கி நெஞ்சைப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார், எடை போட்டார். "நல்லா ஏறியிருக்கு. பால் குடிக்கிறாளா? ஒண்ணுக்குப் போறாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பொறந்த பிள்ளைங்க சத்தம் போடத்தான் செய்யும்மா. மூக்கு இத்தினிக்கூண்டு. உள்ள கொஞ்சம் ஈரம் இருந்தாலே கர்கருங்கும். வெளிக்குப் போக, காத்துப் பிரிய முக்கும். மூச்சு கொஞ்சம் நிக்கும், அப்புறம் வேகமா வரும். எண்ணெய்கிண்ணெய் விடாதீங்க, அது நெஞ்சுக்குள்ள போயிரும். சேலையில உருட்டவும் வேண்டாம்."

"அப்ப எதுக்குத்தான் பயப்படணும் டாக்டர்?"

"மூச்சு இழுக்கிறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுதான்னு பாருங்க. மூக்கு விடைக்குதா, உதடு நீலமாகுதா, ஒவ்வொரு மூச்சுக்கும் விடாம முனகுதா, பால் குடிக்காமத் துவளுதா, காய்ச்சல் அடிக்குதா. இதுல ஒண்ணு இருந்தாலும் யோசிக்காமத் தூக்கிட்டு வந்துருங்க."

பாடம் கேட்பதுபோல ஒவ்வொன்றையும் மனதில் ஏற்றிக்கொண்டேன். எழுந்தவள், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்: "ஆனா இன்னைக்குத்தான் டாக்டர் இந்தச் சத்தமெல்லாம் வருது. நேத்து வரைக்கும் ஒண்ணுமில்ல."

"நேத்தும் வந்திருக்கும்மா. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

ஆட்டோவில் வரும்போது அந்த வார்த்தைதான் குடைந்தது. நானா கவனிக்கவில்லை? விரலை மூக்கடியை விட்டு எடுக்காத நானா? டாக்டர் சொன்ன ஆறுதல் முழுவதையும் அந்த ஒரு வார்த்தை தின்றுவிட்டது. நேற்று இல்லாதது இன்று வந்திருக்கிறது என்றால் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? அதுவும் டாக்டர் பார்க்கும்போது அவள் ஒரு சத்தமும் போடவில்லையே.

வீட்டில் மாமியார் அதையே கேட்டார். "டாக்டரம்மா முன்னாடி முக்குச்சா? முக்கலேல்ல? பெறகு அவுக என்னத்தக் கண்டாக! நான் நாளைக்கு மொத பஸ்ஸுக்கே அந்த அக்காவக் கூட்டிட்டு வாரேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். குழந்தை ஒரு மூலையில் கிரீச் என்றாள்.

பொழுது சாயும் நேரம். ஊருக்குக் கிளம்பும் முன் மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குலசாமி கோயில் திருநீற்றை எடுத்தார். முக்கிக்கொண்டிருந்த பேத்தியின் நெற்றியில் அழுத்திப் பூசி, கண்ணை மூடி, "எம்புள்ளைய விட்டு எல்லாம் ஓடிப் போயிரணும்" என்றார்.

அந்த நொடியில் கரண்ட் வந்தது.

மின்விசிறி சுழன்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி, அப்புறம் இன்னொன்று, அப்புறம் தெரு முழுக்கத் தடதடவென்று பிடித்துக்கொண்டது. மாமியார் கண்ணைத் திறந்து குழந்தையைப் பார்த்தார். சத்தமே இல்லை.

"பாத்தியா!" அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "போயிருச்சு பாத்தியா! மதினி, இங்க வாங்க!"

எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் டாக்டர் சொன்ன பாடம் மனதில் இருந்ததால், பழக்கமாக மூச்சைப் பார்க்கக் குனிந்தேன். குழந்தையின் முகம் செக்கச் சிவந்திருந்தது. கால்கள் வயிற்றோடு மடங்கியிருந்தன. வாய் கோணியது. முக்குகிறாள்! நன்றாக முக்குகிறாள், ஆனால் சத்தம் மட்டும் இல்லை.

காதை அவள் நெஞ்சில் வைத்தேன்.

கர்கர். கிரீச். புஸ். எல்லாம் அப்படியே இருந்தன.

நேற்றும் இருந்திருக்கின்றன. முந்தின நாளும். இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அவள் இத்தனையும் செய்திருக்கிறாள், தறி மூடிவிட்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வார்டில் மற்றக் குழந்தைகளின் அழுகையும் பார்க்க வந்தவர்களின் பேச்சும் மூடியிருக்கும். டாக்டர் சொன்னது சரிதான், நானும் பொய் சொல்லவில்லை. கண்ணாலும் விரலாலும் ஒன்று விடாமல் கவனித்திருக்கிறேன். காதுதான் தறிச் சத்தத்திலேயே கிடந்திருக்கிறது. முக்கும்போதெல்லாம் சிவந்த முகத்தைப் பார்த்து, சோம்பல் முறிக்கிறாள் என்று நானே கொஞ்சியிருக்கிறேன்!

இத்தனை சத்தத்தோடும் அவள் எடை ஏறியிருக்கிறாள். எனக்கு அது போதும்.

"அத்தை, இங்க காத வைங்க" என்று கத்தினேன். மாமியாரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. தறி ஓடுகிற வீட்டில் அது மரியாதைக் குறைவு ஆகாது.

அவர் சந்தேகத்தோடு குனிந்து பேத்தியின் நெஞ்சில் காதை வைத்தார். அவர் புருவம் ஏறியது. வேறு காதை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சுவரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"அடி களவாணி!" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "இம்புட்டு நாளும் இந்த இரைச்சலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா முக்குன?"

அம்மா சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அந்த அக்கா வர வேணாம் அத்தை" என்றேன். கெஞ்சவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். "குழி விழுந்தா, பால் குடிக்கலேன்னா, நானே தூக்கிட்டு ஓடிருவேன். அதுவரைக்கும் அவ முக்கட்டும்."

மாமியார் முந்தானையை உதறிச் செருகினார். "வேணாம்னா வேணாம். அவுகளுக்கு பஸ் சார்ஜு மிச்சம்" என்றவர், செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. திருநீறு பூசுனதும் கரண்டு வந்துச்சுல்ல? அத நீ இல்லேன்னு சொல்ல முடியாது."

சொல்லவில்லை. அவரைப் பஸ் ஏற்றிவிட அம்மா போனாள். நான் மகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். அவள் முகம் சிவந்து கால்கள் மடங்கின. நான் அவள் விலாவைப் பார்த்தேன். குழி இல்லை. உதட்டைப் பார்த்தேன். ரோஜா நிறம். விரலை நீட்டப் போனவள் நீட்டவில்லை. தறி ஓடிக்கொண்டிருக்க, பிள்ளை பெற்ற பிறகு முதல் முறையாக, அவளுக்கு முன்னால் நான் தூங்கிப்போனேன்.